சடைநாயின் தோலுக்கடியில்

மஸ்கெலியாவிலிருந்து மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரமாக வளைந்து வளைந்து வரும் பாதை நல்லதண்ணியில் முடிவடைகிறது. அதற்கப்பால் படிகளே உண்டு. டிசம்பர் மாதப் பௌர்ணமி தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமி ஈறாக, 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையை நோக்கி மக்கள் வெள்ளம் இவ்வூரின் வழியாகவே ஏறி இறங்குகின்றது. யாத்திரிகர்களுக்கு நல்லதண்ணி என்பது பஸ் நிற்குமிடம், தேநீர் அருந்துமிடம், இறங்கி வந்தபின் நொந்த கால்களை நீட்டிக்கொள்ளுமிடம். அவ்வளவே. ஆனால் பருவம் முடிந்து கடைகள் மூடப்பட்டபின்னரும் இவ்வூர் இருக்கின்றது. தேயிலை மலைகளின் மடிப்புகளில் லயங்கள் இருக்கின்றன. லயந்தோறும் நாய்கள் இருக்கின்றன.

முன்னாளில் லயத்து நாய் என்றால் மரக்கறித் தோட்டத்தைக் காவல் காக்கும் ஊர்நாய்தான். இக்காலத்திலோ வெள்ளைச் சடைநாய்களையும் மிகுதியாகக் காண்கிறோம். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது புத்தாடைகளோடு ஒரு பொமரேனியன் குட்டியையும் கூடையில் வைத்துக் கொண்டுவந்து விடுகிறார்கள். அது தூய இனமா, கலப்பினமா என்று எவரும் கேட்பதில்லை. அது உள்ளே உறங்குகிறது, அடுப்படியில் குளிர்காய்கிறது, பாட்டியின் கம்பளிக்குள் புகுந்து கொள்கிறது. மாலையில் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வரும் தாய்க்கு அதைக் கொஞ்சுவதில்தான் பாதிக் களைப்புத் தீர்கிறது.

அவ்வாறு மடியிற் கிடத்திச் சடையைக் கோதும்போது ஒருநாள் விரலில் ஏதோ தட்டுப்படுகிறது. தோலுக்கடியில் ஒரு சிறு உருண்டை. நேற்று இருந்ததா? தெரியாது. நோகிறதா? நாய் திரும்பியும் பார்க்கவில்லை. உடனே லயத்தில் உள்ள அனைவரும் வைத்தியராகி விடுகின்றனர். ஒருவர் கொழுப்பு என்கிறார். ஒருவர் புற்று என்கிறார். மற்றொருவர், பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும், கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறார். இந்த மூன்றாவது ஆலோசனை சிலவேளைகளில் நிறைவேறியும் விடுகிறது. யாத்திரைக் காலத்துக் கடைவீதியில் ஒரு நாய் கூடுதலாக நிற்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

இக்கட்டிகளைப் பற்றி மிருக வைத்திய நூல்கள் பல நூறு பக்கங்கள் எழுதியுள்ளன. அவற்றுள் ஒரு குடும்பத்துக்கு முதலில் வேண்டியது ஒன்றே: கட்டியைத் தடவிப் பார்த்து அது இன்னதென்று கூற எவராலும் இயலாது. கைதேர்ந்த மிருக வைத்தியர்களும் தம் விரல்களை மட்டும் நம்பி முடிவு கூறுவதில்லை. மென்மையாய் அசைவதெல்லாம் கொழுப்பன்று, கடினமானதெல்லாம் புற்றுமன்று.

கட்டியே அல்லாத கட்டிகள்

முதலில், கட்டி எனப் பலரும் கலங்கும் சிலவற்றைக் கட்டியே அல்லவென்று ஒதுக்கிவிடலாம்.

உண்ணிதான் இவற்றுள் முதன்மையானது. காதின் உட்புறத்திலும், கழுத்துப் பட்டியின் கீழும், கால்விரல் இடுக்கிலும் இரத்தம் குடித்து உப்பிய உண்ணி, சாம்பல் நிறமான ஒரு மருவைப்போலவே தோன்றும். ஆமணக்கு விதையைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் நினைவுக்கு வரும். இந்த ஒற்றுமையைப் பண்டை உரோமரும் கண்டிருக்கின்றனர். இலத்தீன் மொழியில் உண்ணிக்குப் பெயர் ‘ரிசினுஸ்’. அதே பெயரையே ஆமணக்குக்கும் இட்டார்கள். தாவரவியல் மாணவர் ஆமணக்கின் விஞ்ஞானப் பெயரைப் பார்த்தால் அந்த உண்ணி இன்றும் அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் நிகழ்வதுண்டு. ஆண்நாய்க்கும் வயிற்றில் முலைக்காம்புகள் உண்டென்பதை அறியாத சிலர், அவற்றை உண்ணியென எண்ணிப் பிடுங்க முயல்கின்றனர். நாய் கத்துவதில் வியப்பில்லை. இரு வரிசைகளில் ஏறக்குறைய ஒழுங்கான இடைவெளியில் அமைந்திருப்பின் அவை உண்ணியல்ல என்று உணர்க.

மலைநாட்டுக்கே உரிய வேறிரண்டு உண்டு. ஒன்று அட்டைக்கடி. அட்டை விழுந்துபோன பின்னரும் கடித்த இடம் தினவெடுத்துச் சிறு முடிச்சாகச் சில நாள் நிற்கும். மற்றது சடைமுடிச்சு. மூடுபனியிலும் மழையிலும் நனைந்து உலராத சடை, காதின் பின்னும் அக்குளிலும் திரண்டு கட்டியைப்போல உருளும். அதன் அடியில் தோல் ஈரத்தில் வெந்து புண்ணாகி நாற்றமெடுப்பதுமுண்டு. இவ்வூர்க் குளிரில் சடையை முழுவதும் மழித்தல் கொடுமை. நாள்தோறும் துணியால் துடைத்துச் சீப்பினால் வாரினால் போதும். அவ்வாறு வாரும் பழக்கமுள்ள வீட்டில்தான் மெய்யான கட்டியும் சிறியதாய் இருக்கும்போதே அகப்படுகிறது. ஊர்நாயின் குறுமயிரில் தூரத்திலிருந்தே தெரியும் வீக்கம், சடைநாயின் மேல் எலுமிச்சம்பழமளவு வளரும்வரை மறைந்திருக்கக்கூடும்.

சாதுவான கட்டிகள்

மெய்யான கட்டிகளிற் பல தீங்கற்றவை. தோலின் எண்ணெய்ச் சுரப்பியோ மயிர்க்காலோ அடைபட்டால் அதனுள் வெண்ணெயும் தயிர்க்கட்டியும் கலந்ததுபோன்ற பசை தேங்கும். இதனைப் பொதுமக்கள் நீர்க்கட்டி என்பர்; உள்ளே இருப்பது பெரும்பாலும் நீரன்று. வயது சென்ற சிறுநாய்களின் முதுகிலும் தலையிலும் பூக்கோவாவின் நுனியைப்போன்ற சிறு மருக்கள் தோன்றுதல் வெகு சாதாரணம். இவற்றைப் பிதுக்கிப் பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. அங்கேதான் கேடு விளைகிறது. பசை வெளிவராமல் உட்புறமாக உடைந்தால், உடல் அதனை அந்நியப் பொருளெனக் கருதி எதிர்க்கும். சாதுவாய்க் கிடந்த கட்டி ஓரிரு நாளில் சிவந்து, சூடேறி, நோவெடுக்கும்.

கொழுப்புக்கட்டி நடுவயது கடந்த, பருத்த நாய்களிடம் மிகுதி. யாத்திரைக் காலத்தில் கடைகளின் எண்ணெய்ப் பலகாரங்களைத் தின்று பருத்துவிடும் நாய்களை நல்லதண்ணியில் எவரும் காணலாம். விலாவிலோ மார்பின் கீழோ தோன்றி ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் இக்கட்டி, நடப்பதற்கு இடைஞ்சல் செய்தாலன்றி வெட்டி நீக்கப்பட வேண்டுவதில்லை.

குட்டிகளின் நிலைமை வேறு. மூன்று வயதுக்குட்பட்ட நாயின் காதிலோ முகத்திலோ காலிலோ திடீரெனச் செந்நிறப் பொத்தானைப்போல ஒரு கட்டி முளைக்கும். பார்ப்பதற்கு அச்சந்தரும். ஆனால் இவ்வகையிற் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதங்களில் தாமாகவே மறைந்துவிடுகின்றன. வாயைச் சுற்றிக் கூட்டமாய் முளைக்கும் பாலுண்ணிகளும் அப்படியே. அவற்றை உண்டாக்கும் வைரசு பிற நாய்களுக்குத் தொற்றும், மனிதருக்குத் தொற்றாது.

இனிச் சீழ்க்கட்டி. நாய்ச்சண்டையிற் பல் பதிந்த இடம் மேலே ஆறி மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டும். சூடும் நோவும் காய்ச்சலும் சேர்ந்து வந்து, இரண்டொரு நாளில் பெருத்தால் இதுவே பெரும்பாலும் காரணம். கம்பிக் கண்ணி இன்னொரு காரணம். காட்டுப்பன்றிக்கெனக் கட்டப்படும் கண்ணி எதனையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று இத்தகைய கண்ணியில் சிக்கி மீட்கப்பட்டு, உடவளவையில் சிகிச்சை பெற்றும் உயிர் துறந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கண்ணியிலிருந்து தப்பி வீடு வந்த நாயின் கழுத்துச் சடைக்குள் கம்பியின் துண்டு புதைந்து கிடக்க, வெளியே வீக்கம் மட்டும் தெரியுமாயின், களிம்பு பூசி என்ன பயன்?

வேடமிடும் கட்டி

இதுவரை கூறியவற்றோடு நிறுத்திவிட்டால் வாசகர்கள் ஆறுதலுடன் தாளை மடித்து வைத்துவிடலாம். ஆனால் இவை அனைத்தின் வேடத்தையும் பூணவல்ல ஒரு புற்றுக்கட்டி உண்டு. அது மாஸ்ற் கலங்களாலானது. 1878ஆம் ஆண்டில் பால் ஏர்லிக் என்னும் ஜெர்மானிய மாணவர் தமது பட்ட ஆய்வில் இக்கலங்களை விவரித்தார். மணி மணியான பொருள்கள் நிறைந்திருந்தமையால் அவை நன்றாகத் தின்று கொழுத்த கலங்கள் என எண்ணி, ஊட்டத்தைக் குறிக்கும் பெயரையே சூட்டினார். அந்த மணிகளுள் ஹிஸ்ரமீன் முதலிய இரசாயனங்கள் இருக்கின்றன என்பது பின்னர்த் தெரியவந்தது. பூச்சி கடித்த இடம் தடிக்கிறதே, அதற்குக் காரணம் இதுவே.

நாய்களின் தோலில் உண்டாகும் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்திலொன்று இவ்வகையைச் சேர்ந்தது. அது கொழுப்பைப்போல மென்மையாக இருக்கும், மருவைப்போல இருக்கும், பூச்சிக்கடியைப்போலவும் இருக்கும். பிசைந்தால் இரசாயனங்கள் வெளிப்பட்டு வீங்கும், மறுநாள் வற்றும். “நேற்றுப் பெரிசா இருந்திச்சு, இன்னைக்குச் சின்னதாயிருச்சு, கொறையுது போல” என்று வீட்டார் மகிழ்வார்கள். பெருத்தும் சிறுத்தும் விளையாடும் கட்டியே மிகுந்த ஐயத்துக்குரியது. அளவுக்குமீறிப் பிசைந்தால் நாய்க்கு வாந்தியும் மயக்கமும் ஏற்படுவதுண்டு. காலத்தில் கண்டுபிடித்து, சுற்றியுள்ள நல்ல தோலையும் சிறிது சேர்த்து வெட்டி நீக்கினால் பல நாய்கள் பிழைத்துக்கொள்கின்றன.

மடியிலுள்ள கடலை

பெண்நாய்க்கோ எல்லாவற்றிலும் முக்கியமானது மடிக்கட்டி. நாமறிந்த ஒரு லயத்தில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி, பேரன் கொண்டுவந்த சடைநாயொன்றைப் பத்தாண்டுகள் வளர்த்தார். அதன் பின்மடியில் கடலையளவில் ஒரு முடிச்சிருப்பதை முதலிற் கண்டவர் அவரே. “கொழுப்புத்தானே, கெடக்கட்டும்” என்றார்கள் வீட்டார். அக்கடலை நெல்லிக்காயாக ஏழு மாதமும், நெல்லிக்காய் எலுமிச்சையாக ஐந்து மாதமும் சென்றன. பிறகு தோல் வெடித்தது. சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்துப் பூசினார்கள். ஒரு மழைநாளில் அது படியேற முடியாமல் மூச்சு வாங்கியபோதுதான் ஹட்டனுக்குக் கொண்டு போனார்கள். அதற்குள் நோய் நுரையீரலுக்குச் சென்றிருந்தது. நாய் மூன்று வாரம் இருந்தது. அன்பில் குறைவற்ற வீடு அது. நாய்க்கென்று தனியே கம்பளி வைத்திருந்த வீடு. குறைந்தது, கடலையாயிருந்தபோது ஒரு நாட்பேரை இழந்து பஸ் ஏறியிருக்க வேண்டிய ஒரு பயணம் மட்டுமே. அந்த ஒரு நாட்பேரின் பெறுமதி லயத்தில் வாழ்பவர்களுக்குத்தான் தெரியும். ஆதலால் நாம் அவர்களைக் குறைகூற முற்படவில்லை.

நாய்களின் மடிக்கட்டிகளில் ஏறத்தாழப் பாதி புற்றுத் தன்மையுடையவை. சிறு இனங்களில் இவ்விகிதம் சற்றுக் குறைவு. பின்னிரு சோடி மடிகளிலேயே இவை மிகுதியாகத் தோன்றுகின்றன. மூன்று சென்ரிமீற்றருக்குக் குறைந்த நிலையில் அகற்றப்படும் கட்டிக்கும் அதனைத் தாண்டியபின் அகற்றப்படும் கட்டிக்கும் விளைவில் பெரும் வேறுபாடு காணப்படுகிறது. தடுக்கும் வழியும் உண்டு. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, முதற் பருவம் வருமுன் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட நாய்களுக்கு இவ்வபாயம் மற்றவற்றின் அபாயத்தில் 200இல் ஒரு பங்கே எனவும், ஒரு பருவம் கடந்தபின் செய்தால் நூற்றுக்கு 8 பங்கு எனவும் கணக்கிட்டது. பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் அக்கணக்கின் துல்லியத்தை ஐயுற்றனர்; எனினும் காலத்தோடு செய்வது நன்று என்பதே பெரும்பாலான மிருக வைத்தியர்களின் கருத்து. குட்டி போடாதிருக்கப் போடப்படும் ஹோர்மோன் ஊசியை ஆண்டுதோறும் போட்டுக்கொண்டே போனால் மடிக்கட்டியும் கருப்பை நோயும் வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு பழம்பெரும் நாயும் ஒரு சிறு பூவும்

கட்டி தொற்றுமா என்ற கேள்விக்கு வருவோம். நாயின் புற்று மனிதருக்குத் தொற்றாது. பிள்ளைகளுக்காக நாயைத் துரத்த வேண்டியதில்லை. ஆனால் நாயிலிருந்து நாய்க்குத் தொற்றும் புற்று ஒன்று உண்டு. இனச்சேர்க்கையின்போதும், நக்குதல் முகர்தலாலும், நோயுற்ற நாயின் கலங்களே மற்ற நாயின் உடலில் ஒட்டி வளர்கின்றன. பெரும்பாலும் மறைவிடங்களிலும், சிலவேளை மூக்கிலும் வாயிலும் தோலிலும் பூக்கோவாவைப்போன்று சிவந்து வளர்ந்து இரத்தம் கசியும். பெண்நாயாயின் பருவம் வந்திருக்கிறதென வீட்டார் எண்ணி விட்டுவிடுகிறார்கள். தெருநாய்கள் மிகுந்த இந்தியாவிலும் இலங்கையிலும் இது அரிதன்று. அவிழ்த்து விடப்பட்ட சடைநாய்க்கும் வரும்.

1876ஆம் ஆண்டில் ரஷ்யாவில் நொவின்ஸ்கி என்னும் மிருக வைத்தியர் இக்கட்டியை ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு ஒட்டி வளர்த்துக் காட்டினார். 2019இல் 43 நாடுகளின் 546 கட்டிகளை ஒப்பிட்ட விஞ்ஞானிகள் இன்னும் வியப்பான முடிவொன்றுக்கு வந்தனர். இவையனைத்தும் சுமார் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் கலங்களிலிருந்து வந்தவை! அந்த நாய் மாண்டு போயிற்று. அதன் கட்டி மாளவில்லை. கடைவீதி நாயொன்றின் மேலுள்ள கட்டி, நமது பழைய இலக்கியங்கள் அனைத்தையும்விட வயதில் மூத்தது என்றால் நம்பக் கடினமாகவே இருக்கிறது.

இத்துணைப் பழைய நோய்க்கு மருந்து, நம் வீட்டு வாசலில் நிற்கும் நித்தியகல்யாணிச் செடியில் இருந்தது. 1952இல் ஜமெய்க்காவிலிருந்து கனடாவுக்கு இச்செடியின் இலைகள் சில அனுப்பப்பட்டன. அங்கு அவை நீரிழிவுக்கு மருந்தாக வழங்கி வந்தன. சோதித்துப் பார்த்த றொபேட் நோபிள் என்பவர் சர்க்கரை குறையாததையும், இரத்தத்தின் வெண்கலங்கள் குறைவதையும் கண்டார். அவ்வழியே சென்று 1958இல் அவரும் சாள்ஸ் பியர் என்பவரும் பெற்றது வின்பிளாஸ்டின். அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டின் சில ஆண்டுகளில் வந்தது. மேற்சொன்ன தொற்றுப் புற்றுக்கு வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் வின்கிறிஸ்டின் ஊசி போட்டால் பெரும்பாலான நாய்கள் முற்றாகக் குணமடைகின்றன. மாஸ்ற் கலக் கட்டிக்கு வின்பிளாஸ்டின் துணை செய்கிறது. இதைப் படித்துவிட்டு எவரும் நித்தியகல்யாணியை அரைத்து நாய்க்குப் புகட்டிவிடலாகாது. ஊசி நாளத்தை விட்டுச் சற்று விலகினாலும் தசையை அழிக்கும் நச்சு மருந்து அது.

மனிதரையும் நாயையும் இணைக்கும் கட்டி வேறொன்று இருக்கிறது. டைரோபிலாரியா ரெபென்ஸ் என்னும் நூல்போன்ற புழு நாயின் தோலுக்கடியில் வாழ்கிறது. பெண்புழு 17 சென்ரிமீற்றர் வரை நீளும். பல நாய்கள் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. சிலவற்றில் சிறு முடிச்சுகள் தோன்றும். நாயைக் கடித்த நுளம்பு மனிதரைக் கடித்தால் அப்புழு மனிதரின் தோலடியிலோ கண்ணிலோ வளர்ந்து முடிச்சாகிறது. இலங்கையில் 1960களிலிருந்தே இத்தகைய நோயாளர்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகி வருகின்றனர். அவர்களில் சிறுவர் கணிசமானோர். மலைக்குளிரில் நுளம்பு குறைவென்று நாம் அசட்டையாக இருக்கலாகாது. கொழும்பிலிருந்து கூடையில் வரும் குட்டி, கொழும்பின் நுளம்புக்கடியையும் வாங்கிக்கொண்டு வருகிறது அல்லவா? நாயைத் தொடுவதால் இது வராது. நாயின் ஒரு துளி இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்து இதன் குஞ்சுகளைக் கண்டுபிடிக்கலாம், மருந்தும் உண்டு.

ஊசியும் கண்ணாடியும்

அவ்வாறாயின் கட்டி இன்னதென்று அறிவது எப்படி? மெல்லிய ஊசியொன்றைக் கட்டிக்குள் செலுத்தி, அதில் ஏறும் சிறிதளவு பொருளைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமூட்டி, நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். தடுப்பூசி போடும்போது நாய்க்கு எவ்வளவு நோகுமோ அவ்வளவே நோகும். மயக்க மருந்து பெரும்பாலும் தேவையில்லை. கொழுப்பு எண்ணெய்த் துளியாய்ப் பளபளக்கும்; சீழில் வெண்கலங்கள் மொய்த்துக் கிடக்கும்; மாஸ்ற் கலங்கள் ஊதாநிற மணிகளைச் சுமந்து நிற்கும். எல்லாக் கட்டியும் ஊசிக்குப் பிடிகொடுப்பதில்லை. சிலவற்றுக்கு ஒரு துண்டை வெட்டியெடுத்துப் பரிசோதிக்க வேண்டும். மடிக்கட்டியை வெட்டி நீக்கிய பின்னர் முழுவதும் பரிசோதித்தலே முறை.

நல்லதண்ணிக் குடும்பத்துக்கு இங்கே எழும் தடை தூரம். மஸ்கெலியா போய், ஹட்டன் போய், அங்கிருந்து கோச்சியிலோ பஸ்ஸிலோ நாவலப்பிட்டி, கம்பளை கடந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலையை அடைவதென்றால் ஒருநாள் முழுவதும் போய்விடும். நாயோடு ஏறினால் பஸ் நடத்துநரின் முகம் எவ்வாறிருக்கும் என்பதும் தெரிந்ததே. ஆனால் நாய்தான் போக வேண்டுமென்பதில்லை. அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ தனியார் மிருக வைத்தியரிடமோ ஊசியால் எடுத்துக் காயவைத்த கண்ணாடித் தகடு தன்னந்தனியே பயணஞ் செய்யும். ‘இங்கு வசதியில்லை’ என்று வைத்தியர் கூறினால், ‘தகட்டை எடுத்துத் தாருங்கள், பரிசோதனைக்கு அனுப்பலாமா?’ என்று வீட்டார் கேட்கலாம். இக்கேள்வியைக் கேட்க முடியும் என்பதே பலருக்குத் தெரியாது.

எப்போது போவது? கடலையைவிடப் பெரிதாகி, ஒரு மாதத்துக்கு மேலும் மறையாத எந்தக் கட்டிக்கும் ஊசிப்பரிசோதனை வேண்டும் என்பது இன்று மிருக வைத்தியர்கள் பலர் கைக்கொள்ளும் அளவுகோல். மடிக்கட்டிக்கும், வேகமாய் வளர்வதற்கும், புண்ணாகி இரத்தம் கசிவதற்கும் ஒரு மாதம் பொறுத்திருக்கலாகாது. தாடையின் கீழும், தோளின் முன்னும், பின்முழங்காலின் பின்னும் இருபுறத்திலும் ஒரே காலத்தில் உருண்டைகள் தோன்றினால் அவை தோற்கட்டிகளல்ல. வீங்கிய நிணநீர்க் கணுக்கள். உண்ணிக் காய்ச்சலாலும் அப்படி ஆகலாம். இரத்தத்தைச் சார்ந்த புற்றினாலும் ஆகலாம். உடனே காட்ட வேண்டும்.

வீட்டிலுள்ள மாணவர்களுக்கு இதில் நல்ல வேலையொன்று உண்டு. அப்பியாசக் கொப்பியின் தாளொன்றில் நாயின் உருவத்தை வரைந்து, கட்டி உள்ள இடத்தைக் குறித்து, திகதியை எழுதுங்கள். ஒரு நாணயத்தைக் கட்டியின் அருகே பிடித்துக் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். இரண்டு வாரத்துக்கொருமுறை அதே நாணயத்துடன் எடுங்கள். ‘கொஞ்ச நாளாக இருக்கிறது, கொஞ்சம் வளர்ந்திருக்கிறது’ என்று தாய் தந்தையர் சொல்வதைவிட இந்த மூன்று படங்கள் வைத்தியருக்கு அதிகம் சொல்லும்.

செய்யத் தகாதனவும் சில. தலைமயிராலோ நூலாலோ மருவை இறுகக் கட்டுதல், எரிந்த எஞ்சின் எண்ணெயும் மண்ணெண்ணெயும் பூசுதல், ஊசியைச் சுட்டுக் குத்துதல் ஆகியவை லயங்களில் இன்றும் நடைபெறுகின்றன. நாய் தன் உடலை நக்கும் பிராணி. தோலிற் பூசியது வயிற்றுக்குப் போகும். டிஸ்பென்சரியில் மனிதருக்குக் கொடுத்த நோவு மாத்திரையில் மீந்ததைக் கொடுப்பது பேராபத்து. இபுபுரோபென், டைக்ளோபெனாக் போன்றவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீக்கம் வற்றுவதற்கென ஸ்டீரோயிட் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தால், கெட்ட கட்டி சில நாள் பதுங்கிக்கொள்ள, பின்னர் எடுக்கும் ஊசிப்பரிசோதனையும் நம்மை ஏமாற்றக்கூடும்.

கண்ணாடித் தகட்டைப் பற்றி இன்னும் ஒன்று. எடுத்தவுடன் அது காற்றில் விரைவாக உலர வேண்டும். மெல்ல உலர்ந்தால் கலங்கள் சுருங்கி உருமாறிவிடும். மூடுபனி வாசலுக்குள் நுழையும் நாட்களில் இதனைச் செய்பவர்கள் தகட்டை விசிறி உலர்த்துவது வழக்கம். சத்திரசிகிச்சையில் வெட்டியெடுத்த துண்டும் அதே தடவையில் அனுப்பப்படுமாயின், அத்துண்டு போர்மலின் போத்தலில் போகும். தகடு வேறு பொதியில் போக வேண்டும். மூடி இறுக்கமாயிருந்தாலும் போர்மலினின் ஆவி கசிந்து தகட்டைக் கெடுத்துவிடும். இரண்டையும் ஒரே பையில் வைத்து நீட்டினால், வேறு வேறாகக் கட்டித் தருமாறு கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.